பூஜையில் இருந்த கல்

“கல் பூஜையில் இருக்கிறது. நாளைக் காலை வரை தொடக் கூடாதாம். பட்டறைக்காரர் காபியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.”

ஓர் ஆயுத பூஜை நாளுக்கு நேராக என் டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன். எதை எழுதினாலும் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் போட்டுவிடுவது என் வழக்கம். வீட்டில் பால் திரிந்ததற்குக்கூட என்னிடம் தேதி உண்டு. ஆனாலும் இந்தக் குறிப்பின் ஆண்டை மட்டும் இங்கே சொல்லப் போவதில்லை. புதிதாக அகப்படும் சிறுகோளுக்கு முதலில் கிடைக்கும் தற்காலிகப் பெயரே ஒரு தேதிதான். முன்னால் ஆண்டு; அதை அடுத்த எழுத்து, எந்த மாதத்தின் எந்தப் பாதியில் அகப்பட்டது என்பதற்கு; அதற்கும் அடுத்தது அந்தப் பாதியில் அது எத்தனையாவது என்பதற்கு. ஆண்டைச் சொன்னால் பட்டியலைத் துழாவி, பட்டறைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிவிடக்கூடிய வாசகர்கள் எனக்கு இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். கதவைத் திறப்பது அவருடைய மனைவியாக இருந்தால் நான் அந்தத் தெருவில் நடமாட முடியாது.

பட்டறைக்காரர் ஒசூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறார். கீழே லேத் பட்டறை, மேலே வீடு. வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், அத்திப்பள்ளிப் பக்கத்து ஆர்டர்களுக்குக் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். நான் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவர் செய்து அனுப்பிய புஷ் என்கிற உலோக வளையங்களை நான் திருப்பி அனுப்பியதில் எங்கள் பழக்கம் தொடங்கியது. சண்டை போட வந்தவர், என் மேஜைமேல் கிடந்த வானியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். புஷ்கள் கடைசிவரை தேறவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிறுகோள் தேடத் தொடங்கினோம். தொலைநோக்கி எங்களிடம் கிடையாது. இருந்தாலும் பிரயோஜனமில்லை, தொழிற்பேட்டை வெளிச்சத்தில் ஒசூர் வானத்தில் நிலாவே கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் வரும். எங்கோ ஒரு தீவில், மலையுச்சியில் இருக்கிற பெரிய தொலைநோக்கி எடுக்கும் படங்களை ஆர்வலர் குழுக்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று இருக்கிறது. வானத்தின் ஒரே துண்டைச் சற்று இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள் வரும். அவற்றை மாற்றி மாற்றிக் காட்டும் மென்பொருளில் போட்டுவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு புள்ளி மட்டும் ஒரே திசையில், ஒரே அளவு அடியெடுத்து, நேர்கோட்டில் நகர்ந்தால் அது சிறுகோள். அதை நான்கு படங்களிலும் சுட்டியால் தொட்டு, இடத்தை அளந்து, அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கணக்கு இவ்வளவுதான். பொறுமைதான் பாடத்திட்டத்தில் இல்லாதது.

நாங்கள் தேடியது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் கூட்டத்தை. பூமிக்குப் பக்கத்தில் வந்து பயமுறுத்தும் ரகங்கள் படத்தில் வேகமாக ஓடும், செய்தியிலும் வரும். நடுவளையத்துக் கல் அப்படியில்லை. சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற நான்கைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் உருளைக்கிழங்கு வடிவம், கரி நிறம், தன்னைத்தானே சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிக்கொள்ளும். யாருக்கும் தொந்தரவு கிடையாது, யாருக்கும் உபயோகமும் கிடையாது. எங்களுக்கு ஏற்ற கல் என்று பட்டறைக்காரர் சொல்வார்.

ஆனால் கிடைக்கவில்லை. ஒரு முறை நாங்கள் அனுப்பியது கேமராவில் செத்துப்போன ஒரு புள்ளி என்று பதில் வந்தது. இன்னொரு முறை அனுப்பியது நிஜமான சிறுகோள். ஆனால் நாங்கள் பிறப்பதற்கு முன்பே பெயரும் எண்ணும் வாங்கிவிட்ட சிறுகோள்.

“அரே, வேற ஒருத்தன் பொண்டாட்டியப் பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி ஆயிடுச்சு சார்” என்றார் பட்டறைக்காரர். அன்று அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அவரைத் தேற்றுவதற்காக நான் முதல் சிறுகோளின் கதையைச் சொன்னேன். சீரிஸ். ஆயிரத்து எண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஜனவரி முதல் தேதி, சிசிலித் தீவில் ஒரு பாதிரியாரின் கண்ணில் பட்டது. சில வாரம் தொடர்ந்து பார்த்தார், காய்ச்சலில் படுத்தார், அதற்குள் அது சூரிய வெளிச்சத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. கணக்குப் போட்டு, அதே ஆண்டு டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மறுபடி பிடித்தார்கள். தேதிகளின் அழகுக்காகவே எனக்குப் பிடித்த கதை. அந்தப் பாதிரியார் கல்லின் பெயரோடு தன் ராஜாவின் பெயரையும் சேர்த்து வைத்தாராம். மற்ற நாட்டுக்காரர்கள் ராஜாவை மட்டும் கத்தரித்துவிட்டார்கள்.

“நமக்குக் கெடைச்சா இன்னா பேரு வைக்கறது?” என்றார் பட்டறைக்காரர் உடனே தெம்பாகி.

“அதுக்கு நெறைய வருஷம் ஆகும். சுத்துப்பாதை உறுதியாகி, நம்பர் குடுத்து, அப்புறம்தான் பேரு. வியாபாரப் பேரு வைக்கக் கூடாது. பதினாறு எழுத்துக்கு மேல போகக் கூடாது.”

பட்டறையின் பெயர் இந்த இரண்டு விதியிலும் அடிபட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப எங்க மாமியாரு பேரு வச்சிரலாம் சார். செவ்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும். கிட்ட வராது.”

மாடிப்படியில் அவருடைய மனைவி நின்றிருந்தார். பட்டறையின் பில், வரி, சம்பளம் எல்லாமே அவர் கையில்தான். எதைத் தொடங்கினாலும் தலைப்பில் பிள்ளையார் சுழி போடாமல் தொடங்க மாட்டார். பில்லில் மட்டுமல்ல, கணினியில் கணக்குத் தாளைத் திறந்தாலும் முதல் கட்டத்தில் ‘உ’ என்று தட்டிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போவார். ஆடிட்டர் ஒருமுறை அதை அழித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பட்டறையில் இருந்த ஒரே லேப்டாப் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது எங்களுடையது.

“கிருஷ்ணகிரி மாவட்டத்துல கல்லுக்கா பஞ்சம்? ரோட்டுக்கு ரோடு குவாரி. அதை விட்டுட்டு வானத்துல தேடறாராம்” என்றார் என்னைப் பார்த்து. “அண்ணா, நீங்கதான் எல்லாத்துக்கும் தேதி போட்டு வைக்கிறீங்களே, இதையும் எழுதிக்கோங்க. இந்தத் தடவை படத்துல கல்லு கெடைக்கலைன்னா, இவரு இதோட நிறுத்திடணும். ஞாயித்துக்கெழமை ஆனா என்னைய எங்கம்மா வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவணும்.”

அவருடைய அம்மா அஞ்செட்டிக்கு உள்ளே தள்ளி, தனியாக இருந்தார். பேருந்து எப்போது வரும் என்பதை அந்தப் பேருந்தே முடிவு செய்யும். பட்டறைக்காரரிடம் கார் இருந்தது. இந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. சாட்சி மட்டும் நான் பட்டறைக்காரர் பக்கம்.

“சரி” என்றார் பட்டறைக்காரர். நான் எழுதிக்கொண்டேன்.

திட்டத்தின் அந்தப் பருவத்துக் கடைசிப் படங்கள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை வந்தன. கீழே பட்டறையில் ஆட்கள் மெஷின்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேலே நாங்கள் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பார்த்தது பட்டறைக்காரர்தான். ஒரு மூலையில், பிரகாசமான இரண்டு நட்சத்திரங்களுக்குக் கீழே, மங்கலாக ஒரு புள்ளி தத்தித் தத்திப் போயிற்று. நேர்கோடு. ஒரே அளவு அடி. பழைய பட்டியலில் அந்த இடத்தில் எதுவும் இல்லை.

பட்டறைக்காரர் எழுந்து போய், கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் அவர் மனைவி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் ஒன்றைப் பிய்த்து வந்து, இடம் தவறாமல் இருக்கத் திரையில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அளக்கலாம் என்று நான் சுட்டியைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி வந்து, லேப்டாப்பை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

“தொடைச்சு வைக்கணும். நாளைக்குக் காலையில பூஜை.”

“அஞ்சு நிமிஷம்!”

“ரெண்டு வருஷமா அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் கேக்கறீங்க.”

காலையில் சொல்லிப் பார்க்கலாம் என்று விட்டது பிசகு. நான் குளித்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் பூஜை முடிந்திருந்தது. லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெஷினுக்கு வாழைக்கன்று, வெர்னியர், ஸ்பேனர், சுத்தியல் எல்லாம் வாழையிலையில் வரிசையாக. கடைசியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, தலையில் ஒரு சாமந்தியோடு லேப்டாப். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி பூஜை முடிந்துதான் எடுக்கலாம். அந்தப் பூஜைக்குப் பட்டறைக்காரரின் மனைவி குறித்திருந்த நேரம் காலை ஏழரைக்குமேல். அறிக்கை போய்ச் சேரக் கடைசி நேரம் உலக நேரப்படி நள்ளிரவு. நம் கடிகாரத்தில் விடியற்காலை ஐந்தரை. காபி வேண்டாம் என்றது அப்போதுதான்.

நான் வாதாடிப் பார்த்தேன். “இப்ப மத்தியானம். அந்தத் தொலைநோக்கி இருக்கிற தீவுல இன்னும் நேத்து ராத்திரிதான். அந்த ஊர்க் கணக்குப்படி பூஜையே இன்னும் ஆரம்பிக்கலை.”

“லேப்டாப்பு அந்த ஊர்லயா இருக்குது?” என்றார் அவர் மனைவி. “இந்தாங்க, பொரி எடுத்துக்கோங்க.”

வேறு கணினி தேடி இருவரும் வண்டியில் கிளம்பினோம். என் அலுவலக லேப்டாப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்றக்கூட அனுமதி கிடையாது. புது மென்பொருள் என்றால் பெங்களூரிலிருந்து ஆள் விசாரிப்பான். ஜெராக்ஸ் கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே எல்லாத் திரைகளுக்கும் நெற்றியில் பட்டை.

“மிஷினுக்கெல்லாம் இன்னிக்கு ரெஸ்ட்டுங்க. நாளைக்கு வாங்க” என்று கடைக்காரர் ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்தார்.

பட்டறைக்காரரின் சொந்தக்காரர் ஒருவர் கணினி பழுது பார்க்கிறவர். அவர் கடையில் பழுதானவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். அங்கும் பொரி. எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகலாமா என்று நினைத்து, அங்கே இன்னும் தடபுடலாகக் கொண்டாடுவார்கள் என்பது ஞாபகம் வந்து திரும்பினோம். தெரு முனைகளில் உடைத்த பூசணிக்காய்களின் குங்குமச் சதைமேல் வழுக்காமல் வண்டி ஓட்டுவதே பெரிய வேலையாக இருந்தது. ஒசூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அன்று இயங்கும் நிலையில் இருந்த ஒரே இயந்திரம் எங்கள் வண்டிதான் என்று தோன்றியது. அதற்கும் ஹேண்டில்பாரில் மாலை.

“பாய் கடை!” என்றார் பட்டறைக்காரர் திடீரென்று.

பாய், பழைய இரும்பு வியாபாரி. பட்டறையில் விழும் இரும்புச் சுருள் அவருக்குத்தான் போகும். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. போய்ப் பார்த்தால், எடைமேடைக்கு மாலை, லாரிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, பில் போடும் கணினிக்குச் சந்தனம். வாசலில் பாய் பொரி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

“நீயுமா பாய்?”

“நான் இன்னா பண்றது அண்ணே? வேலை செய்யற ஆளுங்க கேக்க மாட்டேங்கறாங்கோ. தராசுக்குப் பண்ணாம லோடு ஏத்த மாட்டேங்கறாங்கோ. நம்ம பங்குக்குப் பொரி வாங்கிட்டேன். புடிங்க.”

பட்டறைக்காரர் அந்தப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு அங்கேயே எடைமேடைமேல் உட்கார்ந்துவிட்டார். முள் நடுங்கி நின்றது. “போச்சு சார். ஆயுசுக்கும் அஞ்செட்டி” என்றார். விஷயத்தைக் கேட்ட பாய்க்கு மனசு இளகியது.

“அட, வூட்டுல ஒண்ணு இருக்குதே. கொரோனா டைம்ல பசங்க கிளாசுக்கு வாங்கினது. துணி போட்டு மூடிக் கெடக்குது. அதுக்கு யாரும் பொட்டு வைக்கலை.”

கடைக்குப் பின்னாலேயே வீடு. பூவேலை செய்த துணியை விலக்கி, கணினியை எழுப்பினோம். அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்து, தேநீர் வந்து, இன்னொரு தேநீரும் வந்த பிறகு கண் திறந்தது. மென்பொருளை இறக்கி, படங்களையும் மறுபடி இறக்கினோம். பாய் எங்களுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

“நகருது, நகருது!” என்று கத்தினார்.

“பாய், அது எறும்பு. பொரியை மேஜையில வைக்காதீங்க.”

உண்மையான புள்ளியைக் காட்டியதும் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு தொழில் பேசினார்.

“எத்தனை டன் இருக்கும்?”

“ஒரு சின்ன மலை அளவு இருக்கலாம். சரியாத் தெரியாது. வெளிச்சத்தை வச்சுக் குத்துமதிப்பாத்தான் சொல்ல முடியும்.”

“கல்லா, இரும்பா?”

“பெரும்பாலும் கல்லு, கரி. சிலது இரும்பும் நிக்கலும்.”

“நிக்கலா?” பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எடுத்தாந்தா சொல்லுங்க அண்ணே. நல்ல ரேட்டுப் போட்டுத் தரேன்.”

நான்கு படத்திலும் புள்ளியைத் தொட்டு, அளந்து, அறிக்கையை என் மின்னஞ்சலிலிருந்து அனுப்பியபோது மாலை ஆறு மணி பத்து நிமிடம். திரும்பியபோது பட்டறைக்காரரின் மனைவி வாசலில் கோலத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கையில் தொங்கிய பொட்டலங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“ஊரு பூரா பொரி வாங்கப் போனீங்களா?”

“ஆமா” என்றார் பட்டறைக்காரர், மிகுந்த கௌரவத்தோடு.

மறுநாள் விஜயதசமி பூஜை முடிந்து லேப்டாப் கீழே இறங்கியது. சந்தனம், குங்குமம், சாமந்தி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. திறந்தோம். திரையில் ஸ்டிக்கர் பொட்டு இல்லை. விழுந்திருக்கும் என்று பட்டறைக்காரர் சொன்னார். கைகழுவப் போனபோது நான் கண்ணாடியைப் பார்த்தேன். பிய்த்த இடத்தில் பொட்டு மறுபடி ஒட்டியிருந்தது.

மதியம் திட்டத்தாரிடமிருந்து எனக்கு ஒப்புகை வந்தது. ஒன்றல்ல, இரண்டு. உங்கள் குழுவிலிருந்து ஒரே பொருளுக்கு இரண்டு அறிக்கைகள் வந்திருக்கின்றன, முதலில் வந்ததை எடுத்துக்கொள்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம் என்று சுருக்கமாக எழுதியிருந்தார்கள். இரண்டாவது, பாய் வீட்டிலிருந்து போனது. முதலாவது, பட்டறையின் மின்னஞ்சலிலிருந்து போயிருந்தது. நேரத்தை நம் கடிகாரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் நானும் பட்டறைக்காரரும் பழுதான கணினிகளுக்கு நடுவில் பொரி தின்றுகொண்டிருந்தோம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பே. ஒரே புள்ளிதான். ஆனால் தசமத்தின் கடைசி இலக்கங்கள் வேறு. ஒரே அறிக்கை இரண்டு முறை போயிருந்தால் இலக்கம் மாறாது. வேறொரு கை, வேறொரு முறை, நான்கு படத்திலும் நிதானமாகத் தொட்டிருக்கிறது. இன்னொரு வித்தியாசமும் இருந்தது. நாங்கள் காலியாக விட்ட குறிப்பு வரியில், முதல் அறிக்கையில் ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் நின்றது. ஆங்கிலம் தவிர வேறு எழுத்து வந்தால் அந்த அறிக்கைப் படிவம் அதைக் கேள்விக்குறியாக மாற்றிவிடும்.

பட்டறைக்காரரை அழைத்துக் காட்டினேன். “யாரு?” என்று அவர் மூன்று மொழியிலும் கேட்டார். அவர் மனைவியைக் கேட்டோம்.

“பூஜையில வச்சதை நான் தொடுவேனா? சாமி குத்தம்” என்றார் பில்லைப் பார்த்தபடி. “அதுவா போயிருக்கும்.”

“அதுவா எப்படிம்மா போகும்?”

“ரெண்டு வருஷமா எங்காதுல அதைத்தானே ஓதறீங்க, இங்க அமுக்கினா போகும், அங்க அமுக்கினா போகும்னு. போகாம இன்னா செய்யும்?” பிறகு தலை நிமிர்ந்தார். “போகாம இருந்திருந்தா? உன் பூஜையாலதான் என் கல்லு போச்சுன்னு சாகற வரைக்கும் சொல்லியிருப்பாரா மாட்டாரா? நீங்களே சொல்லுங்க அண்ணா.”

சொல்லியிருப்பார்.

சில வாரங்கள் கழித்து, அந்தப் புள்ளி முதற்கட்டக் கண்டறிதலாக ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது. பட்டறைக்காரர் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். பாய்க்கு அரை கிலோ தனியாக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, புதுத் தெம்போடு லேப்டாப்புக்குக் கை நீட்டினார். அவர் மனைவி கார் சாவியை அந்தக் கையில் வைத்தார்.

“இன்னா இது? கல்லுதான் கெடைச்சிருச்சே!”

“கெடைச்சிருச்சில்ல? அப்புறம் எதுக்குத் தேடறது?”

“நீ சொன்னது அப்படியில்ல. சார், டைரிய எடுங்க!”

எடுத்தேன். தேதி, கிழமை, நேரத்தோடு எல்லாம் இருந்தது. கல் கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். கிடைத்தால் என்ன என்று ஒரு வார்த்தைகூட இல்லை. நான் அதை உரக்கப் படித்தேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய புஷ்கள் எல்லாம் இருந்தன. கார் அஞ்செட்டிக்குப் போயிற்று. இன்றுவரை ஞாயிறுதோறும் போகிறது. மாமியார் வீட்டில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்பதும், அங்கே நாட்டுக்கோழிக் குழம்பு கிடைக்கும் என்பதும் கூடுதல் தகவல்கள். முதலாவதை அவர் திங்கட்கிழமைகளில் சொல்வார். இரண்டாவதை நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கல்லை அதற்குப் பிறகு வேறு தொலைநோக்கிகளும் பார்த்து, தேதியடங்கிய அந்தத் தற்காலிகப் பெயர் கிடைத்துவிட்டது. எண் கிடைக்க இன்னும் பல சுற்றுகள் பார்க்க வேண்டும். அதற்குள் சீரிஸைப்போல எங்கும் ஒளிந்துகொள்ளாமல் இருக்க வேண்டும். பெயர் வைக்கும் நாள் வந்தால் மாமியார் பெயரையே பரிந்துரைப்பது என்று பட்டறைக்காரர் இப்போது நிஜமாகவே முடிவு செய்திருக்கிறார். குழம்பின் காரணமாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் சுருக்கி, ‘கண்டறிந்த விவரம்’ என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். புள்ளியை முதலில் பார்த்தவர் பட்டறைக்காரர், இது உறுதி. ஏற்கப்பட்ட அறிக்கை, ஆயுத பூஜையன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டறையிலிருந்து போனது, இதுவும் உறுதி. அதை அனுப்பியவர் யார் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். குறிப்பு வரியில் இருந்த கேள்விக்குறி, முதலில் ‘உ’ ஆக இருந்ததா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.